திருப்பாலைக்குடிக் கரையில் ஆய்வு செய்ய மண்ணியலா, பயிரியலா, நில எழில் வடிவமைப்பா?

கேள்வி: கரைவயல் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் இளநிலை வேளாண்மைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கு வடக்கே, திருப்பாலைக்குடிப் பக்கம், கடலுக்கு அருகிலேயே இருக்கிறது. தாத்தா காலத்தில் முழுவதும் நெல்லும் முண்டு மிளகாயும் விளைந்த மூன்று ஏக்கர் நிலத்தில் இப்போது பாதியில்தான் விதைக்கிறோம். மீதி நிலம் பங்குனி பிறந்தால் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கிறது. அதில் சீமைக்கருவேலம் மட்டுமே செழிக்கிறது.

இந்த நிலத்தைப் பற்றியே முதுநிலையிலும் அதற்குப் பிறகும் ஆய்வு செய்ய விரும்புகிறேன். ஆனால் எந்தத் துறை என்பதில் தெளிவில்லை. உப்பைத் தாங்கும் பயிரைத் தேடுவதென்றால் பயிரியல், உப்பை அறிவதென்றால் மண்ணியல், கரையோரத்தை முழுதாக எண்ணுவதென்றால் நில எழில் வடிவமைப்பு என்று ஒவ்வொரு நாளும் மனம் மாறுகிறது. இத்துறைகளில் உண்மையில் என்னென்ன ஆய்வுகள் செய்வதற்கு இருக்கின்றன என்று துறை சார்ந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய மண்காரன்

தம்பி, பணி ஓய்வு பெறும்வரை மண் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் என்பதால் என் பதில் ஒரு பக்கமாகச் சாயத்தான் செய்யும். நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் பட்டது, உங்கள் நிலம் உவரா களரா என்று நீங்கள் சொல்லவே இல்லை என்பதுதான். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுந்திருக்கும். நிறைகூழ்ச் சாற்றின், அதாவது மண்ணை நீர் விட்டுக் கூழாகக் குழைத்து வடித்த சாற்றின், மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டும் (உப்பு கூடினால் இந்த எண்ணும் கூடும்), ஆனால் கார அமில நிலை (pH) 8.5-க்குள் நிற்கும். களர் நிலத்தில் மண்துகளோடு ஒட்டிய சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல் போய், மண் இறுகி, நீர் இறங்காமல் நிற்கும். முன்னதற்கு வேண்டியது நல்ல நீரும் வடிகாலும். பின்னதற்குத்தான் ஜிப்சம், அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும், வெளியேறிய சோடியத்தை நீர் அடித்துக்கொண்டு போக வேண்டும்.

இதைக் குழப்பிக்கொண்டதால் எங்கள் குடும்ப நிலத்திலேயே ஒரு முறை பணம் வீணானது. கார அமில நிலை 8 கூட இல்லாத மண்ணுக்கு ஏக்கர் கணக்கில் ஜிப்சம் போடச் சொல்லி ஓர் அலுவலகம் எழுதிக் கொடுத்தது. வாய்க்கால் வெட்டுவதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த கோடையிலும் உப்பு அதே இடத்தில் பூத்தது.

ஆய்வுக்கு இடம் எங்கே என்றால், காலத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு கீழே இறங்குகிறது. மாசிக்குப் பிறகு நிலத்தடி நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே ஏறி, மேலே ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. ஒரே வயலில் தையில் எடுத்த மாதிரியும் சித்திரையில் எடுத்த மாதிரியும் இரண்டு வேறு ஊர் மண் போலத் தெரியும். ஆயினும் பெரும்பாலான மண்வள அட்டைகளில் ஒரே ஒரு எண்தான் இருக்கும். அந்த எண்ணும் மண்ணில் கூடுதல் நீர் கலந்து வடித்த சாற்றில் அளந்ததாக இருக்கும். அதை நிறைகூழ்ச் சாற்றுக்கான வரம்போடு நேராக ஒப்பிட்டால், உப்பு குறைவு என்று தவறாக முடிவு செய்வோம்.

பயிர்ப் பக்கமும் ஒரு கணக்குச் சொல்கிறேன். நிறைகூழ்ச் சாற்றின் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 1.5-ஐத் தாண்டினாலே மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும், நெல்லுக்கு அது 3, பருத்திக்கு 7.7. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் இந்தப் பொது வரம்புக்கு அடங்குகிறதா, அல்லது தலைமுறைகளாக இந்த மண்ணிலேயே விதை எடுத்து விதைத்ததால் கூடுதலாகத் தாங்குகிறதா என்பது ஒரு முதுநிலை ஆய்வுக்குப் போதுமான கேள்வி. இராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் அங்கே போய்வாருங்கள்.

பதில் 2: நாற்றங்கால்

பயிர் மரபியலில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருக்கிறேன். உப்பைத் தாங்கும் நெல் என்றதும் எல்லோரும் கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து வந்த சால்டால் மரபணுப் பகுதியைச் சொல்வார்கள். முதலாம் குரோமோசோமில் உள்ள அந்தப் பகுதி நாற்றுப் பருவத்தில் பயிருக்குள் சோடியம், பொட்டாசியம் விகிதத்தைச் சீராக வைக்க உதவுகிறது. ஆனால் நாற்றில் தாங்கும் பயிர் பூக்கும் பருவத்திலும் தாங்கும் என்று சொல்ல முடியாது. இரண்டும் தனித்தனிப் பண்புகள். நம் பக்கத்திலோ நாற்று நடுவதைவிட மழையை எதிர்பார்த்துப் புழுதியில் நேரடியாக விதைப்பதே அதிகம். வறட்சியில் முளைத்து, மழை பொய்த்தால் கடைசியில் உப்பில் கதிர்விடும் நெல்லுக்கு அந்த ஒரு மரபணுப் பகுதி போதாது.

நெல்லை விட்டுவிட்டாலும் வேலை இருக்கிறது. பனை ஆணா பெண்ணா என்பது பாளை விடும்வரை, அதாவது பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வரை, பார்வைக்குத் தெரியாது. கன்றிலேயே கண்டறிய நம்பகமான வழி கிடைத்தால் இந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பயன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இராமேசுவரம் வரை இயல்பாக வளரும் குடைவேலமும், உப்பளத்து ஓரத்து உமரியும்கூட ஆய்வுக்கு உகந்தவையே. மன்னார் வளைகுடாத் தீவுகளில் செடி சேகரிக்க நினைத்தால் மட்டும் முன்கூட்டியே வனத்துறை அனுமதி பெறுங்கள். 1986 முதல் அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன.

பதில் 3: அடம்பங்கொடி

தம்பி, நான் நில எழில் வடிவமைப்பாளர். ஒரு நடைமுறைச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்துறையின் முதுநிலைக் கட்டடக்கலைப் படிப்புகளுக்குப் பொதுவாகக் கட்டடக்கலையில் இளநிலைப் பட்டம் கேட்பார்கள். உங்கள் பட்டத்தோடு அருகில் கிடைப்பது, வேளாண் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலையின் கீழ் வரும் மலரியல் மற்றும் நில எழிலூட்டும் பிரிவு. தோட்டக்கலைப் பட்டதாரிகளுக்கே அங்கு முன்னுரிமை இருக்கக்கூடும் என்பதால் தகுதி விதிகளை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் துறையைப் புல்தரை போடும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள்; நானும் அப்படித்தான் தொடங்கினேன். தீவுப் பக்கம் ஒரு விடுதிக்குப் பச்சைப் புல்தரையும் அலங்காரப் பனைகளும் வரைந்து கொடுத்தேன். கிணற்று நீரை இறைத்து இறைத்து ஊற்றினார்கள். இரண்டாம் கோடையில் கிணறு உவர்த்துவிட்டது. குறை என் வரைபடத்தில்தான் இருந்தது.

கரையோர மணலில் மழைநீர், கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய குவியலாக நிற்கிறது. அதனால்தான் தனுஷ்கோடியில் அலைக்குச் சில அடி தள்ளி மணலைக் கையால் தோண்டினாலும் குடிக்கும்படியான ஊற்று வருகிறது. நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை கடல்நீரை அழுத்திவைக்கும். மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே உப்புநீர் நாற்பது சாண் ஏறிவிடும். மணல்மேட்டைச் சமன் செய்து சிமெண்டுத் தளம் போடும்போது, மழையை உள்வாங்கும் வாயையே அடைக்கிறோம். மேட்டைப் பிடித்து நிறுத்துபவை அடம்பங்கொடியும் இராவணன் மீசையும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பல கரைகளில் நடப்பட்ட சவுக்கைவிட இவற்றுக்கே என் வாக்கு. எந்தச் செடி வரிசை எவ்வளவு மணலைப் பிடிக்கிறது, அதன் கீழே நீர்மட்டம் என்ன ஆகிறது என்பதை ஆண்டு முழுவதும் அளந்து வடிவமைப்போடு இணைத்துக் காட்டும் வேலை நம் கரையில் இன்னும் எவ்வளவோ செய்ய இருக்கிறது. அதை மண்ணியல் படித்தவரும் செய்யலாம்.

கரைவயல் மாணவன்

மூவருக்கும் மிக்க நன்றி. துறைப் பெயரை வைத்துக்கொண்டு குழம்பினேனே தவிர, என் நிலத்தை நான் ஒரு முறைகூட அளந்து பார்க்கவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது. மண்ணியலுக்கே விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் எங்கள் வயலிலேயே மாதிரி எடுக்கத் தொடங்க வேண்டும். எந்த ஆழத்தில், எத்தனை முறை எடுக்க வேண்டும் ஐயா?

பழைய மண்காரன்

0 முதல் 15, 15 முதல் 30, 30 முதல் 60 சென்டிமீட்டர் என மூன்று ஆழங்களில் எடுங்கள். விதைக்கும் பாதியில் ஓர் இடம், வெளுத்த பாதியில் ஓர் இடம், இரண்டுக்கும் நடுவில் வரப்போரம் ஓர் இடம் போதும். மழைக்கு முன் ஆவணியில் ஒரு முறை, மழை ஓய்ந்ததும் தையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தையும், அந்த நீரின் மின்கடத்துதிறனையும் சேர்த்துக் குறியுங்கள். மாதிரியைச் சாக்கில் போடாதீர்கள், முக்கியமாக உரம் வந்த சாக்கில். சுத்தமான துணிப்பையில் போட்டு, நிழலில் உலர்த்துங்கள்.