புதுப்பிப்பு: பழைய ரெமிங்டன் 870 துப்பாக்கி, புது சைட் (குறிபார்க்கும் அமைப்பு)

போன மாதம் கேட்டிருந்தேன்: குழல் முனையில் குறிபார்க்க ஒரு சின்ன மணி மட்டுமே உள்ள என் பழைய 12 கேஜ் பம்ப் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை), 50 கஜத்தில் ஸ்லக்கை, அதாவது ஒற்றைப் பெரிய குண்டை, இலக்குக்கு மேலேயே அடிக்கிறது, என்ன செய்யலாம் என்று. சரி, நடந்தது இதுதான்.

பின் சைட் இல்லாதபோது நம் கண்தான் பின் சைட். கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையிலிருந்து எழும்பினால் குண்டும் எழும்பும். என் கோளாறில் பாதி அதுதான். ரிசீவரில் (துப்பாக்கியின் நடு உடலில்) திருகு ஓட்டை இல்லாததால், ரெட் டாட்டுக்காக (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) அதன் மேல் சேணம் போல் கவிழும் மவுன்ட், அதாவது தாங்கி, மாட்டினேன். போல்ட்டை இறுக்கியதும் பம்ப் பிடி இழுக்கவே வரவில்லை! தளர்த்தினால் மவுன்ட் ஆடுகிறது. கழற்றிவிட்டேன்.

அப்புறம் ரைஃபிள் சைட் (முன்னும் பின்னும் குறிபார்க்கும் சைட்) வைத்த 20 அங்குலக் குழல் ஒன்று பழையதாகக் கிடைத்தது. குழலுக்குக் கீழே தோட்டா இருக்கும் மேகசினின் மூடியைக் கழற்றினால் குழல் கையோடு வந்துவிடும்; ஐந்து நிமிட வேலை. பின் சைட்டைக் கொஞ்சம் இறக்கியதும் மூன்று ஸ்லக்கும் உள்ளங்கை அகலத்துக்குள். பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடப் போகும்போது மட்டும் மணிக் குழலைத் திரும்ப மாட்டிக்கொள்கிறேன்.