பசுமைக்குடில் வெள்ளரிக்கு இலை கழிப்பது எவ்வளவு?

கேள்வி (தொண்டாமுத்தூர்): கொடி மேல்கம்பியைத் தொட்டுவிட்டதுங்க. இலை அடைந்து காற்றே நுழையவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா மொத்தமாகக் கழிக்கச் சொல்கிறார். செய்யலாமுங்களா?

பதில் (தாராபுரம்): மாமா பேச்சைக் கேட்டால் காய் சூம்பிப் போகுமுங்க, காய்க்குச் சோறு போடுவதே இலைதான். காய் பறித்து முடித்த கணுக்களில் இருக்கும் கிழட்டு இலையை மட்டும், ஒரு தடவைக்குச் செடிக்கு 2, 3 எடுங்க. காம்பைத் தண்டோடு ஒட்டி நறுக்குங்க. துண்டு விட்டால் அழுகி, பூஞ்சை தண்டுக்குள் இறங்கும்.

பதில் (ஒட்டன்சத்திரம்): காலையிலேயே செய்யுங்க, வெயிலில் காயம் உலர்ந்துவிடும். மருந்து அடித்த இலையை மாட்டுக்குப் போட்டுவிடாதீங்க.

கேள்வி கேட்டவர்: சரிங்கண்ணா. சில அடி இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் கட்டம், பின்பக்கம் சாம்பல் படிவு?

பதில் (தாராபுரம்): அடிச்சாம்பல் நோய் மாதிரி தெரியுது. முதலில் அந்த இலைகளைக் கழித்துக் குடிலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைங்க.