கபடியில் முன்பல் வேரோடு விழுந்தால் மைதானத்திலேயே என்ன செய்ய வேண்டும்?

மைதானத்து ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். குறுவட்டப் போட்டிகள் நெருங்குகின்றன. சென்ற ஆண்டு எதிரணி மாணவி ஒருத்தி காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது, ரைடரின் முழங்கால் வாயில் பட்டு மேல் முன்பல் வேரோடு வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் காபித்தூளை வைத்து அழுத்தச் சொன்னார். இன்னொருவர் பல்லைக் கைக்குட்டையில் மடித்துக் கொடுத்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகிவிட்டது. பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு 13 வயது. இப்போது சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்கிறாள் என்று அவளுடைய ஆசிரியை சொன்னார்.

என் பிள்ளைகளுக்கு அப்படி ஆகக் கூடாது. பல் மருத்துவர் இல்லாத மைதானத்தில், முதலுதவிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பல் மருத்துவர், வட்ட மருத்துவமனை:
ஐயா, விளையாட்டு ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. விழுந்த பல் என் கைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதைக் காப்பாற்றும் வாய்ப்பு பக்கத்தில் நிற்கும் உங்களுக்குத்தான் அதிகம்.

முதலில் குழந்தையைப் பாருங்கள். மயக்கம், வாந்தி, தலைசுற்றல் இருந்தால் பல்லைப் பற்றிய பேச்சே வேண்டாம். தலைக்காயம் என்று எண்ணி 108-ஐ அழையுங்கள். குழந்தை தெளிவாக இருந்தால், உடனே பல்லைத் தேடுங்கள். எடுக்கும்போது வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும். வேரில் விரல் படக் கூடாது. வேரின் மேல் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அதில் உள்ள உயிரணுக்கள்தான் பல்லை எலும்போடு மறுபடி இணைக்கின்றன. மண் ஒட்டியிருக்கிறதே என்று துணியால் தேய்த்தால் அந்தச் சவ்வு போய்விடும். பாலிலோ குளிர்ந்த நீரிலோ சில விநாடிகள் அலசினால் போதும்.

பிறகு, தயங்காமல் அந்தக் குழியிலேயே பல்லைத் திரும்பப் பொருத்துங்கள். வழவழப்பான முன்பக்கம் உதட்டைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வரும்வரை மெதுவாக அழுத்தி, சுத்தமான துணியை மடித்துக் கடிக்கச் சொல்லுங்கள். கேட்கவே நடுக்கமாக இருக்கும். ஆனால் அடிபட்ட அந்தச் சில நிமிடங்களில் பல் எளிதாக உள்ளே போய்விடும். லேசாகத் திரும்பியிருந்தால்கூட நாங்கள் சரிசெய்துகொள்வோம்.

பொருத்த முடியாவிட்டால் பல் காயக் கூடாது. அரை மணி நேரம் வெளியே காய்ந்தாலே அந்த உயிரணுக்களில் பெரும்பகுதி போய்விடும். ஒரு மணி நேரம் தாண்டினால் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. டீக்கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கி, சுத்தமான டப்பாவில் ஊற்றி, பல் முழுவதும் மூழ்கும்படி போடுங்கள். சர்க்கரை சேர்க்காத, குளிர்ந்த பால். அதுவும் கிடைக்கவில்லையா, குழந்தையையே ஒரு டம்ளரில் உமிழச் சொல்லி அந்த எச்சிலில் போட்டு வையுங்கள். வெறும் தண்ணீரில் நெடுநேரம் ஊறினால் உயிரணுக்கள் உப்பி வெடித்துவிடும். காபித்தூள், சாம்பல், மஞ்சள்தூள் எதையும் குழிக்குள் வைக்க வேண்டாம். துணியைக் கடித்தாலே இரத்தம் நிற்கும்.

நாமக்கல் அம்மா:
டாக்டர் அம்மா சொல்வது முழு உண்மை. என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் தெறித்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செவிலியர் அக்கா ஓடி வந்து, அவன் அலற அலற அங்கேயே பொருத்திவிட்டார். மருத்துவமனையில் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி ஒட்டி இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். டி.டி. ஊசி போட்டார்கள். அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே வேர் சிகிச்சையையும் தொடங்கினார்கள். குழைந்த சாதம், ரசம், இட்லி என்றே ஓடியது. இன்று அந்தப் பல்லால் கொய்யா கடிக்கிறான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பயத்தில் அந்தப் பக்கம் துலக்கவே மாட்டேன் என்றான். மிருதுவான பிரஷ்ஷால் நான்தான் துலக்கிவிட்டேன். துலக்காவிட்டால் ஈறு புண்ணாகும் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

மைதானத்து ஆசிரியர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று சந்தேகங்கள். எங்கள் ஊரில் பாலை விட இளநீர் சுலபமாகக் கிடைக்கும், அதில் போடலாமா? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்தாலும் இதே முறைதானா? பல் முழுதாக விழாமல் உடைந்தால்?

பல் மருத்துவர், வட்ட மருத்துவமனை:
இளநீர் சற்று அமிலத்தன்மை உடையது. பால் இருக்கும்போது பாலே முதலில். எதுவுமே இல்லாவிட்டால் காயவிடுவதை விட இளநீர் மேல்.

பால்பல்லைத் திரும்பப் பொருத்தவே கூடாது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் முளை அடிபட்டுவிடும். ஆனால் மேல் முன்பற்கள் ஏழு, எட்டு வயதிலேயே நிலைப்பற்களாக முளைத்துவிடுகின்றன. ஆறாம் வகுப்பில் விழும் முன்பல் கிட்டத்தட்ட எப்போதும் நிலைப்பல்தான். "சின்னப் பிள்ளைதானே, வேறு பல் முளைக்கும்" என்று பெற்றோர் சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு வார்த்தையால் எத்தனை பற்கள் குப்பைக்குப் போயின என்று நினைத்தால் மனம் ஆறாது.

உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து ஈரமாக வைத்துக் கொண்டுவாருங்கள். பல நேரங்களில் அதையே ஒட்டிவிடலாம். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் நரம்புக்கூழ் திறந்துவிட்டது என்று பொருள், அன்றே வர வேண்டும். துண்டு கிடைக்கவில்லை, உதடும் கிழிந்திருக்கிறது என்றால் அதை எங்களிடம் சொல்லுங்கள். துண்டு உதட்டுக்குள் புதைந்திருக்கலாம். பல் ஈறுக்குள் ஏறிப்போயிருந்தால் இழுக்காதீர்கள்.

வாசகர், கடலூர்:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்கு இரண்டு நாளாகக் கடைவாய்ப்பல் வலி. கிராம்பு எண்ணெய் வைக்கிறோம். இன்று தாடைக்குக் கீழே வீங்கியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

பல் மருத்துவர், வட்ட மருத்துவமனை:
ஒத்தடம் வேண்டாம். கிராம்பு எண்ணெய் வலியை மரக்கச் செய்யும், சீழை எடுக்காது. இன்றே கூட்டிச் செல்லுங்கள். வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்கியிருக்கிறது, குரல் மாறியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரைத் தேடி அலையாமல் 108-ல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அந்த வீக்கம் மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு: பல் காப்பு உறை வாங்க முடியுமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதித்துக்கொள்ளும் வகை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். ஒருவருடையதை இன்னொருவர் போடக் கூடாது. பல்லில் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகள் தங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் மூடியுள்ள சின்ன டப்பா, கையுறை, சுத்தமான காஸ் துணி போதும். போட்டி நாளன்று காலையிலேயே மைதானத்துக்குப் பக்கத்தில் பால் எங்கே கிடைக்கும் என்று பார்த்து வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் கடைசியாக டி.டி. ஊசி போட்ட தேதியைப் பெற்றோரிடம் கேட்டு, பெயர்ப் பட்டியலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.