கைக்கு வந்த ஆப் எங்கே திணறியது, எதைத் தொட்டதும் சரியானது?

தோவாளைக்காரன்:

தினமும் ரயிலேறி டெக்னோபார்க் போய்வருகிறவர்கள், ஊரிலேயே இருந்து ஃப்ரீலான்ஸ் செய்கிறவர்கள் என்று நம் குமரி மாவட்டத்தில் மொபைல் ஆப் எழுதும் ஆட்கள் நிறைய. பொதுவான டிப்ஸ் எங்கும் கிடைக்கும். உங்கள் கைக்கு வந்த ஆப் எந்த இடத்தில் சிக்கியது, என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

தோவாளை பூச்சந்தை வியாபாரி ஒருவருக்கு ஆண்ட்ராய்டில் விலைப்பட்டியல் ஆப். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி எல்லாம் விடியற்காலையில் மளமளவென்று விலை மாறும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் கேட்கவே வேண்டாம். அந்த நேரம் பார்த்துப் பட்டியலைத் தள்ளினால் திக்கித் திக்கி நகரும். ஒரு பூவின் விலை மாறினாலும் பழைய கோட் நோட்டிஃபைடேட்டாசெட்சேஞ்ச்ட் ('எல்லாமே மாறிவிட்டது' என்று பட்டியலுக்குச் சொல்லும் கட்டளை) போட்டு, திரையில் தெரியும் எல்லா வரிகளையும் மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தது. விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் (60 ஹெர்ட்ஸ்) திரையில் ஒரு தடவை வரைவதற்குக் கிடைப்பதே சுமார் 16 மில்லி விநாடிதான். அதற்குள் இத்தனை வேலை முடியாது.

பட்டியலைத் திரைக்கு ஊட்டும் லிஸ்ட்அடாப்டரும், மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் டிஃப்யூடிலும் வைத்தேன். பழைய பட்டியலையும் புதியதையும் பின்னணித் த்ரெட்டில் (திரையைத் தடுக்காத தனி வேலை ஓட்டத்தில்) ஒப்பிட்டு, மாறிய வரியை மட்டும் தொடும். பேலோடும் (வரியில் எது மாறியது என்ற குறிப்பு) சேர்த்தால் அந்த வரியிலும் விலை எழுத்து மட்டும் மாறும், பூவின் படம் மினுங்காது. ஒன்று கவனிக்கணும்: அதே லிஸ்ட் ஆப்ஜெக்ட்டை உள்ளே மாற்றிவிட்டுத் திரும்ப சப்மிட்லிஸ்ட்டுக்கு (அடாப்டரிடம் பட்டியலை ஒப்படைக்கும் கட்டளை) கொடுத்தால் அடாப்டர் பேசாமல் இருந்துவிடும். புது லிஸ்ட்டாகத்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், விலைகள் சர்வரிலிருந்து கொத்தாக வந்து விழும். அந்தத் தரவு வரும் ஓடையில் (கோட்லின் ஃப்ளோ) சாம்பிள் போட்டு அரை விநாடிக்கு ஒரு தடவை மட்டும் திரைக்கு விட்டேன். முழுப் பட்டியலின் கடைசி நிலையைத்தான் சாம்பிள் செய்யணும். தனித்தனி விலையில் அதைப் போட்டால் இடையில் வந்த பூவின் விலை காணாமல் போகும்.

மலையோரம் (குலசேகரம்):

உங்களுக்காவது நெட்வொர்க் இருக்கிறது அண்ணே. பேச்சிப்பாறை பக்கம் தோட்டங்களில் ரப்பர் பால் எடை போடும் இடத்தில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். எனக்கு முன்னால் எழுதியவர்கள் செய்திருந்தது இதுதான்: எடையைத் தட்டியதும் நேரே சர்வருக்குக் கால், பதில் வரும்வரை வட்டம் சுற்றும். பால் வெட்டுகிறவர்கள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள், எடை போடுகிற அக்கா போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

மாற்றிய விதம் இப்படி. எடை முதலில் போனுக்குள்ளேயே இருக்கும் ரூம் என்ற டேட்டாபேஸில் போய் உட்காரும். திரை ரூமை மட்டுமே படிக்கும், சர்வர் பக்கம் திரும்பியே பார்க்காது. அனுப்புகிற வேலை, பின்னணி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் வொர்க்மேனேஜருடையது, நெட்வொர்க் இருந்தால் மட்டும் ஓடு என்ற நிபந்தனையோடு. தோற்றால் முதலில் 30 விநாடி, பிறகு இரட்டிப்பாக இடைவெளி கூடிக்கொண்டே போகும், 5 மணி நேரத்தைத் தாண்டாது. இதெல்லாம் அதிலேயே இருக்கிறது, நாம் எழுத வேண்டியதில்லை.

உண்மையான தலைவலி வேறு. பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் பதில் திரும்பி வரும் வழியில் சிக்னல் செத்துவிட்டது என்று வையுங்கள். போன் மறுபடி அனுப்பும், ஒரே ஆளுக்கு ஒரே பால் இரண்டு தடவை ஏறும். கூலிக் கணக்கு அல்லவா, சண்டையே வந்துவிடும். அதனால் எடையைத் தட்டும் நொடியிலேயே போன் ஒரு யூயுஐடி (வேறெதற்கும் வராத தனி அடையாள எண்) உண்டாக்கி அந்தப் பதிவோடு ஒட்டிவிடும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே ஐடி. சர்வரில் அந்த ஐடி நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே ஐடி இரண்டு தடவை ஏறாது. இரண்டாம் தடவை வந்தால் பிழை காட்டாமல் 'முன்பே கிடைத்துவிட்டது' என்று வெற்றிப் பதிலே அனுப்பணும். இல்லாவிட்டால் போன் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று: எடையை எழுதுவது தோட்டம், டிஆர்சி (பாலில் இருக்கும் உலர்ந்த ரப்பரின் அளவு) எழுதுவது அலுவலகம். இரண்டையும் தனித்தனி நெடுவரிசையாக வைத்து, அவரவர் நெடுவரிசையை அவரவர் மட்டும் தொடலாம் என்று கட்டிவிட்டோம். யாருடைய மாற்றம் செல்லும் என்ற சிங்க் தகராறே எழவில்லை.

குளச்சல்கரை:

என் பங்கு படங்கள். ஏலத்துக்கு வரும் மீனைப் படமெடுத்து, வெளியூர் வியாபாரிகளுக்குக் காட்டும் ஆப். நெய்மீன், கணவாய், சாளை என்று கூடை கூடையாகப் படம். விலை குறைந்த போன்களில் நாலைந்து படம் ஓடியதும் ஆப் விழுந்துவிடும்.

'ஒரு படம் 3 எம்பிதானே' என்று கேட்பார்கள். அது ஜேபெக் கோப்பின் அளவு. திரையில் காட்ட அதை விரித்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 4000க்கு 3000 பிக்சல் என்றால் 4 கோடியே 80 லட்சம் பைட், ஒரே படத்துக்கு! படத்தை விரிக்கும்போதே சுருக்கும் இன்சாம்பிள்சைஸ் அமைப்பை 8 என்று வைத்தால் 500க்கு 375 ஆகிறது, மெமரி 64-ல் ஒரு பங்கு. பட்டியலில் காட்ட அது தாராளம். படம் ஏற்றும் லைப்ரரிகளான கிளைடோ காயிலோ பயன்படுத்தினால் வியூவின் (திரையில் படம் உட்காரும் கட்டம்) அளவுக்கு அவையே சுருக்கிக்கொள்ளும். ஆனால் வியூவுக்கு உறுதியான அளவு கொடுத்திருக்க வேண்டும்.

அனுப்பும் முன்பு போனிலேயே சுருக்கினால் டேட்டாவும் மிச்சம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பல போன்கள் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை, கோப்போடு வரும் எக்ஸிஃப் தகவலில் 'இத்தனை டிகிரி திருப்பு' என்று குறிப்பு மட்டும் எழுதும். நீங்கள் பிட்மேப்பாக (வெறும் பிக்சல்களாக) விரித்து மறுபடி ஜேபெக் ஆக்கும்போது அந்தக் குறிப்பு போய்விடும். மீன் சாய்ந்து கிடந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை, தராசு எண் சாய்ந்து கிடந்தால் வியாபாரி போன் போட்டுத் திட்டுவார். சுருக்கும் முன் குறிப்பைப் படித்து, படத்தையே திருப்பிவிடுங்கள்.

மார்த்தாண்டம் மக்கா:

எல்லாம் சரி, ஆனால் அளக்காமல் எதையும் தொடாதீர்கள் மக்களே. ஒரு ஆப் திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறது, ஃப்ளட்டருக்கு (ஆப் எழுதும் வேறொரு கருவித்தொகுப்பு) மாற்றி எழுதிவிடலாம் என்று ஒரு டீம் கிளம்பியது. பெர்ஃபெட்டோ என்ற அளவிடும் கருவியில் ட்ரேஸ் எடுத்துப் பார்த்தால், ஆப் எழும்பியதும் முதலில் ஓடும் அப்ளிகேஷன் ஆன்கிரியேட்டில் விளம்பரம், அனலிடிக்ஸ், சாட் என்று வரிசையாக எஸ்டிகே-க்கள் (வெளியாரின் கோட் தொகுப்புகள்) திரையை வரையும் மெயின் த்ரெட்டிலேயே எழும்பிக்கொண்டிருந்தன. தேவைப்படும்போது எழுப்பு என்று மாற்றியதும் மறுபடி எழுதும் பேச்சே அடங்கிவிட்டது.

ஃப்ளட்டர்காரர்களுக்கு: டீபக் மோடில் (பிழை தேடுவதற்கான மெதுவான நிலை) ஓட்டிவிட்டு மெதுவாக இருக்கிறது என்று புலம்பாதீர்கள். வேகத்தை அளப்பதற்கான புரொஃபைல் மோடில், நிஜ போனில், அதுவும் கடையில் கிடைக்கும் மலிவான போனில் பாருங்கள்.

எல்லையோரம் (களியக்காவிளை):

தேடல் பெட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. ஊர்ப் பெயர் தேடும் இடத்தில் 'கொல்லங்கோடு' என்று அடித்தால் எதுவும் வரவில்லை. டேட்டாபேஸில் கண்ணெதிரே இருக்கிறது! ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு நார்மலைஸ் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே விதமாக்கினால் தீர்ந்தது. தமிழில் ஆப் எழுதுகிற யாருக்கும் என்றைக்காவது இது வரும்.

வேகத்துக்கு, ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரை எழுப்பாமல் 300 மில்லி விநாடி டீபவுன்ஸ், அதாவது தட்டுவது அவ்வளவு நேரம் நின்றபிறகுதான் தேடல். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவைக்கும் தங்கிலீஷ் கீபோர்டில் ஒரு தமிழெழுத்து உருவாவதற்குள்ளேயே பெட்டியின் உள்ளடக்கம் சில தடவை மாறிவிடும், அதனால் நமக்கு இது கூடுதல் அவசியம். கூடவே ஃப்ளாட்மேப்லேட்டஸ்ட்: புதுத் தேடல் வந்ததும் பழையதைக் கைவிடும். இல்லையென்றால் முதலில் கேட்டதற்கான பதில் கடைசியில் வந்து சரியான முடிவுகளை மூடிவிடும்.

தோவாளைக்காரன்:

அருமை. குலசேகரத்துத் தம்பியிடம் ஒரு கேள்வி. சில போன்களில் பேட்டரி சேமிப்பு என்று பின்னணி வேலையையே நிறுத்திவிடுகிறதே, வொர்க்மேனேஜர் அங்கே என்ன செய்யும்?

மலையோரம் (குலசேகரம்):

சில போன்களில் தள்ளிப்போடும் அண்ணே, சிலவற்றில் ஆப்பைத் திறக்கும்வரை ஓடவே ஓடாது. அதனால் அதை மட்டும் நம்பவில்லை. ஆப் திறந்ததும் ரூமில் அனுப்பாத பதிவு இருக்கிறதா என்று பார்த்து உடனே அனுப்பும். மேலே 'அனுப்பாதவை: 14' என்று எண்ணும் தெரியும். மாலையில் கடைப்பக்கம் இறங்கி வரும்போது அக்கா ஒரு தடவை ஆப்பைத் திறந்து அது பூஜ்யம் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.