உதவி தேவை: ‘பாயின்டட் அவுட்’, ‘மேட் அவுட்’ எழுதினதுக்கு மார்க் குறைச்சிட்டாங்க (அவசரம்)

ராத்திரி_ஷிப்ட்:
வணக்கம் நண்பர்களே. நாளைக்குக் காலைல டீம் லீடரோட மீட்டிங். கால் சென்டர் வேலை. கஸ்டமர் பேசினதைக் குறிச்சு வைக்கிற கால் நோட்ஸ்ல நான் எழுதின ரெண்டு வரிக்குக் குவாலிட்டி செக்ல மார்க்கைக் குறைச்சிட்டாங்க. ஒண்ணுல ‘பாயின்டட் அவுட்’, இன்னொண்ணுல ‘மேட் அவுட்’. கிராமர் ரெண்டுலயும் சரியாத்தான் இருக்கு. கமென்ட்ல ‘நியூட்ராலிட்டி’ (நடுநிலை)ன்னு ஒரே ஒரு வார்த்தை. ரெண்டுக்கும் ‘சொன்னார்’னுதானே அர்த்தம்? வரிக்கு வரி ‘செட்’, ‘செட்’னு வந்தா படிக்கவே நல்லா இல்லைன்னு மாத்தி மாத்தி எழுதினேன். என்ன பதில் சொல்றது? சீக்கிரம் ப்ளீஸ்.

மடிப்பாக்கம்_மணி:
முழு வாக்கியத்தைப் போடுங்க ப்ரோ. எந்த நாட்டு கஸ்டமர்? என்ன புராசஸ்?

அகராதி_பிரியன்:
கேட்கவே வேண்டாம், காரணம் தெளிவா இருக்கு. இப்படி வினையோட ‘அவுட்’ மாதிரி சொல் ஒட்டி வர்ற ஃப்ரேஸல் வெர்ப் எல்லாமே பேச்சு வழக்கு. ஆபீஸ் எழுத்துல வரவே கூடாது. ‘பாயின்டட் அவுட்’டுக்கு ‘இண்டிகேட்டட்’, ‘ஃபவுண்ட் அவுட்’டுக்கு ‘அசர்டெய்ன்ட்’னு போடுங்க. இனி ஒரு மார்க் குறையாது.

ஹாரோ_வாசி:
இல்லை தம்பி, இஞ்ச இங்கிலாந்தில கோர்ட் தீர்ப்பிலயும் ‘பாயின்டட் அவுட்’ வருது, பேப்பரிலயும் வருது. அது பேச்சுமொழி எண்டதால வந்த பிரச்சினை இல்லை. ‘அசர்டெய்ன்ட்’ எண்டு எழுதினா இஞ்ச உள்ள சனம் பொலிஸ் ரிப்போர்ட் எண்டு நினைக்கும்.
கேள்வி கேட்டவர், அந்த வசனத்தைப் போடுங்கோ. அது இல்லாமல் ஒண்டும் சொல்லேலாது.

பழைய_பேனா:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு இல்லை. அடிப்படையிலிருந்து சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயரை 1925-இல் தம் நூலில் பயன்படுத்திப் பரப்பியவர் லோகன் பியர்சல் ஸ்மித். அந்தப் பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. வினைச்சொல்லும் ‘அவுட்’, ‘ஆன்’ போன்ற துணைச்சொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தரும். தனித்தனியாக அகராதி பார்த்துக் கூட்டினால் பல நேரங்களில் பொருள் வராது. இதைப் பள்ளியிலேயே கற்றிருக்க வேண்டும்.

மடிப்பாக்கம்_மணி:
ஐயா, வரலாறு நல்லா இருக்கு. அவருக்கு நாளைக்குக் காலைல மீட்டிங்.

ராத்திரி_ஷிப்ட்:
சாரி, பிரேக்ல இருந்தேன். யூகே புராசஸ், வீட்டு பாய்லர் சர்வீஸ். வாக்கியம் இதான்:
ஒண்ணு: ‘கஸ்டமர் பாயின்டட் அவுட் தட் அவர் இன்ஜினியர் ஹேட் டேமேஜ்ட் தி பைப்.’
ரெண்டு: ‘கஸ்டமர் மேட் அவுட் தட் ஷி ஹேட் பெய்ட் இன் மார்ச்.’
பைப் உடைஞ்சதுக்கு யார் காரணம்னு இன்னும் முடிவாகலை. மார்ச் பேமென்ட்டும் சிஸ்டம்ல தேடிட்டு இருக்காங்க.

செய்தி_மேசை:
இப்ப விளங்குது. நான் நாளிதழ்ல உதவி ஆசிரியரா இருக்கேன், தினமும் இதே தலைவலிதான் எங்களுக்கும். உங்க முதல் வாக்கியத்தைத் தமிழ்ல எழுதிப் பாருங்க: ‘எங்கள் இன்ஜினியர் பைப்பை உடைத்துவிட்டதை வாடிக்கையாளர் சுட்டிக்காட்டினார்.’ படிக்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? உடைச்சது உண்மை, அதை இவர் எடுத்துக் காட்டினார்னுதான். ‘சுட்டிக்காட்டினார்’னு போட்ட நிமிஷமே அந்தச் சேதிக்கு நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாச்சு. அதனாலதான் எங்க மேசையில ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சியைப் பத்திப் பேசினா ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’, மிஞ்சிப் போனா ‘குற்றம்சாட்டினார்’னு நிறுத்திக்குவோம். பட்ஜெட் புத்தகத்துல அச்சான ஒரு எண்ணை எடுத்துச் சொன்னாத்தான் ‘சுட்டிக்காட்டினார்’ போடுவோம்.

‘பாயின்டட் அவுட் தட்’டும் அப்படியேதான். சோதிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. ‘ஷி செட் தட் தி பைப் வாஸ் புரோக்கன், பட் இட் வாஸ்ன்ட்’னு எழுதினா இடிக்காது. அவங்க சொன்னாங்க, ஆனா உடையலை, அவ்வளவுதான். அதே இடத்துல ‘பாயின்டட் அவுட்’ போட்டா, முதல் பாதியில நீங்களே ஒத்துக்கிட்டதை ரெண்டாவது பாதியில மறுக்கிற மாதிரி ஆகுது. இன்னொண்ணு, ‘ஷி டிட் நாட் பாயின்ட் அவுட் தட்...’னு எதிர்மறையா எழுதினாலும் பைப் உடைஞ்சது உடைஞ்சதாவே நிக்குது. அவங்க அதைச் சொல்லலைங்கிறது மட்டும்தான் மாறுது.

அதனால விசாரணை முடியுறதுக்கு முன்னாடியே உங்க கம்பெனி தப்பை ஒத்துக்கிட்டதா அந்த வரி சொல்லுது. மார்க் அதுக்குத்தான் போயிருக்கும்.

பழைய_பேனா:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 1970-இல் பால் கிபார்ஸ்கி, கேரல் கிபார்ஸ்கி இருவரும் எழுதிய கட்டுரையில், பின்னால் வரும் செய்தியை உண்மை என்றே கொள்ளும் இந்த வகை வினைகள் விரிவாக ஆராயப்பட்டன. எதிர்மறைச் சோதனையும் அந்த ஆய்வு மரபில் வந்ததே.

ஹாரோ_வாசி:
ரெண்டாவது வசனம்தான் பெரிய பிரச்சினை. ‘மேட் அவுட் தட்’ எண்டா இஞ்ச ஆருக்கும் ‘சொன்னார்’ எண்டு விளங்காது. இல்லாததை இருக்கிற மாதிரிக் காட்டினார் எண்டுதான் விளங்கும். எங்கட வேலையில ஒரு பெடியன் லீவு எடுத்தவன். ‘ஹி மேட் அவுட் ஹி வாஸ் இல்’ எண்டு மேலாளர் சொன்னா, அவனுக்கு நோய் ஒண்டும் இல்லை, நடிச்சவன் எண்டு அர்த்தம். நீங்க அந்தப் பெண்ணைப் பொய்க்காரி எண்டு எழுதிப் போட்டீங்கள் தம்பி.
இன்னொண்டும் யோசியுங்கோ. இஞ்சத்தைய தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றிக் கம்பனி எழுதி வைச்சிருக்கிறதைத் தா எண்டு ஆரும் கேக்கலாம். பொதுவா ஒரு மாசத்துக்குள்ள குடுக்க வேணும். கால் நோட்ஸும் அதுக்குள்ள வரும். அவ அதை வாசிச்சா என்ன நடக்கும்?

ராத்திரி_ஷிப்ட்:
ஐயோ. டிக்ஷனரில ‘மேக் அவுட்’டுக்குப் ‘புரிந்துகொள்’னு போட்டிருந்துச்சே?

ஹாரோ_வாசி:
அது வேற இடம். ‘ஐ குடின்ட் மேக் அவுட் வாட் ஷி வாஸ் சேயிங்’ எண்டா, லைன் சரியில்லை, அவ சொன்னது பிடிபடேல்லை. அங்க ‘வாட்’ வருது, பொதுவா ‘குட்’, ‘கான்ட்’ கூட வரும். ஒரு ஆள் ‘மேட் அவுட் தட்’ எண்டு கதை சொல்லேக்க பொருள் மாறிப்போகும்.

செய்தி_மேசை:
தமிழ்ல நாம இதை வினைச்சொல்லை மாத்தாமலே செஞ்சிடுவோம். ‘மார்ச்லயே கட்டிட்டாங்க’ன்னா நான் பொறுப்பு. ‘மார்ச்லயே கட்டிட்டாங்களாம்’னா நான் பொறுப்பில்லை, காதுல விழுந்ததைச் சொல்றேன். அந்த ‘ஆம்’ இங்கிலீஷ்ல ஒட்டா கிடையாது. அங்க பெரும்பாலும் வினைச்சொல்தான் அந்தச் சுமையைத் தூக்குது. நம்ம ஆட்கள் எல்லாத்தையும் ‘சொன்னார்’னு ஒரே பையில போட்டு மனப்பாடம் பண்றதாலதான் இப்படி மாட்டிக்கிறாங்க. பட்டியல் போட்டு விக்கிற புத்தகங்கள் மேல எனக்கு உண்மையிலேயே கோபம். ‘செட்’டுக்குப் பதிலா இத்தனை சொற்கள்னு அச்சடிக்கிறாங்களே, எது யார் பக்கம் சாயுதுன்னு ஒரு வரி சேர்த்தா என்ன?

கோர்ட்_வாசல்:
வக்கீல் குமாஸ்தாவா வேலை பார்க்கிறேன். எங்க பக்கத்துல இருந்து ஒண்ணு. குறுக்கு விசாரணையில ‘ஐ புட் இட் டு யூ தட்...’னு வக்கீல் கேட்பார். அவர் அதை நம்பணும்னு அவசியமில்லை, தன் கட்சிக்காரரோட வாதத்தைச் சாட்சி முன்னாடி வைக்கிறார். சாட்சி மறுத்தா தமிழ் வாக்குமூலத்துல ‘நான் அன்றைய தினம் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல’ன்னு டைப் ஆகும். அந்த ‘சரியல்ல’ விட்டுப்போனா மறுத்தது ஒத்துக்கிட்டதா ஆயிடும். சொன்னது யாரு, ஒத்துக்கிட்டது யாருன்னு பிரிச்சு எழுதலைன்னா கேஸே திரும்பிடும். அதனால இந்தத் தம்பியோட பிரச்சினை சின்னதில்லை.

அகராதி_பிரியன்:
அப்ப ‘கிளெய்ம்ட்’னு போட்டா போதுமே?

செய்தி_மேசை:
‘கிளெய்ம்ட்’ கொஞ்சம் சந்தேகத்தோட நிக்கும். ‘அப்படின்னு அவங்க சொல்லிக்கிறாங்க’ங்கிற வாடை. அதுவும் பணம் திருப்பிக் கேட்கிற கேஸ்ல ‘கிளெய்ம்’னா வேற அர்த்தமும் வந்து மோதும். வெறும் ‘செட்’தான் எந்தப் பக்கமும் சாயாதது. இல்லைன்னா ‘டோல்ட் அஸ் தட்’.

வாய்க்கால்_மேடு:
‘கஸ்டமர் டோல்ட் தட்’னு எழுதலாமே? நாங்க ஆபீஸ்ல அப்படித்தான் எழுதறோம்.

பழைய_பேனா:
தவறு. ‘தட்’டோடு ‘டோல்ட்’ வந்தால் யாரிடம் என்பது வந்தே தீர வேண்டும். ‘டோல்ட் மீ தட்’, ‘டோல்ட் அஸ் தட்’. ‘செட் மீ தட்’ என்பதும் தவறு, ‘செட் டு மீ தட்’ என்றே வரும். தமிழில் ‘சொன்னார்’ என்று ஆளில்லாமல் முடிப்பதை அப்படியே தூக்கிப் போடுகிறீர்கள்.

வாய்க்கால்_மேடு:
‘திஸ் இஸ் டு இன்ஃபார்ம் தட்’னு எத்தனை சர்க்குலர் பார்த்திருப்பீங்க? தாலுகா ஆபீஸ்ல இருந்து மேல வரைக்கும் அப்படித்தான் வருது. இந்தியாவுல எல்லாருக்கும் புரியற இங்கிலீஷ் எப்படித் தப்பாகும்?

பழைய_பேனா:
எல்லோரும் செய்வதால் சரியாகிவிடாது.

வாய்க்கால்_மேடு:
மொழி அப்படித்தான் மாறுது ஐயா. இங்கிலாந்துக்காரன் மாத்தினா வளர்ச்சி, நாம மாத்தினா தப்பா? என் பையன் டீச்சரும் இப்படித்தான் திருத்துறாங்க, படிச்சா எனக்கே வருத்தமா இருக்கு.

ஹாரோ_வாசி:
ரெண்டு பேரும் சரி. ஊருக்குள்ள எழுதேக்க ‘டோல்ட் தட்’ எண்டு எழுதினா ஆருக்கும் நட்டமில்லை. இந்தத் தம்பி எழுதிறதை வாசிக்கிறது இஞ்ச உள்ள ஆக்கள். அவைக்கு அது பிழையாத்தான் தெரியும்.

மட்டுறுத்துநர்:
‘டோல்ட் தட்’ விவாதத்துக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே கேள்வியோடு நில்லுங்கள்.

மடிப்பாக்கம்_மணி:
இழை திறந்தவர் எங்கே? மீட்டிங் என்னாச்சு ப்ரோ?

ஐஇஎல்டிஎஸ்_கனவு:
அக்கா அண்ணன்மாரே, இதோட என் சந்தேகத்தையும் சேர்த்துக்கிறேன். ‘ஹி டர்ன்ட் அவுட் தட் ஹி வாஸ் எ டாக்டர்’னு எழுதினேன், சார் அடிச்சிட்டார். அப்புறம் ‘லெட் ஆன்’ எப்ப வரும்?

ராத்திரி_ஷிப்ட்:
மீட்டிங் முடிஞ்சுது. பைப் வரிக்குப் பாதி மார்க் திரும்பக் கிடைச்சுது, மேட் அவுட்டுக்குக் கிடைக்கலை. ரெண்டு நோட்டையும் ‘செட்’னு திருத்திட்டேன். செய்தி மேசை சார் சொன்ன சோதனையை அப்படியே சொன்னேன், டீமுக்கே அனுப்பச் சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் நன்றி, ஷிப்டுக்குக் கிளம்பறேன்.

செய்தி_மேசை:
நல்லது தம்பி.
ஐஇஎல்டிஎஸ் தங்கச்சிக்கு: ‘டர்ன் அவுட்’டோட ‘தட்’ வரணும்னா எழுவாய் ‘இட்’தான். ‘இட் டர்ன்ட் அவுட் தட் ஹி வாஸ் எ டாக்டர்’. கடைசியில பார்த்தா அவர் டாக்டராம்ங்கிற தொனி. ஆளை வச்சே தொடங்கணும்னா ‘ஹி டர்ன்ட் அவுட் டு பி எ டாக்டர்’. அங்க யாரும் யாருகிட்டயும் எதையும் சொல்லலை, தெரிய வந்தது மட்டும்தான். அதனால அதைச் ‘சொன்னார்’ கூட்டத்துல சேர்க்காதீங்க.
‘லெட் ஆன்’ மறைச்சு வச்சதை வாய்விடறது. பெரும்பாலும் எதிர்மறையில வரும். ‘ஷி நெவர் லெட் ஆன் தட் ஷி நியூ’ன்னா, எல்லாம் தெரிஞ்சிருந்தும் கடைசி வரைக்கும் மூச்சு விடலை. யார்கிட்டன்னு சேர்க்கணும்னா ‘லெட் ஆன் டு ஹிம் தட்’. ‘பாயின்ட் அவுட்’டும் அதே மாதிரி, ‘பாயின்டட் அவுட் டு மீ தட்’னு ‘டு’ கட்டாயம். ‘பாயின்டட் மீ அவுட்’னு எழுதினா கூட்டத்துல உங்களைக் கைகாட்டினதா ஆயிடும்.