பெற்றோரை ஆர்க்டிக் பக்கம் அழைத்துப் போக டிசம்பர் வேண்டாம், மார்ச் கடைசியில் போங்கள்

பெங்களூரிலிருந்து ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி, ஆஸ்லோ என்று புதிதாக வேலைக்குப் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் குடும்பத்தோடு சில வருடங்கள் ஸ்டாக்ஹோமில் இருந்துவிட்டு இப்போது ஜெயநகரில் இருக்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் எல்லாரும் கேட்பது இதுதான்: "அண்ணா, ஊர்லேர்ந்து அப்பா அம்மா வர்றாங்க. வடக்கே கூட்டிட்டுப் போய் பனியும் நார்தர்ன் லைட்ஸும் காட்டணும். டிசம்பர்ல டிக்கெட் போடட்டுமா?" (நார்தர்ன் லைட்ஸ் என்பது ஆர்க்டிக் பக்கம் இரவு வானில் அலை அலையாகத் தெரியும் வண்ண ஒளி.)

போடாதீர்கள். மார்ச் கடைசி வாரம் தொடங்கி ஏப்ரல் முதல் பத்து நாளுக்குள் போகிற மாதிரி போடுங்கள்.

டிசம்பர் நடுவில், ஸ்வீடனின் வடகோடியில் உள்ள கிருனாவில் சூரியன் எழுவதே இல்லை. நண்பகலில் ஒரு நீல வெளிச்சம் வந்து போகும், அவ்வளவுதான். குளிர் மைனஸ் முப்பது வரை இறங்கும் நாட்களும் உண்டு. அறுபது வயதைத் தாண்டியவர்கள் அந்த இருட்டில் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாகிவிடும். மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகின்றன. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒவ்வொரு நாளும் ஆறேழு நிமிடம் பகல் கூடிக்கொண்டே போகும். பனியோ குறைந்திருக்காது. நார்வேயின் வடக்கே உள்ள ட்ரோம்சோவில் இதுவரை பதிவான மிக அதிகப் பனி ஆழம் 240 செ.மீ. அது பதிவான நாள் 1997 ஏப்ரல் 29 என்பதைப் பார்த்தாலே புரியும்.

நார்தர்ன் லைட்ஸுக்கும் இதுவே நல்ல காலம். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் வாக்கில் பூமியின் காந்தப்புலமும் சூரியக் காற்றும் எளிதில் இணைகிற கோணத்தில் அமைகின்றன. அதனால் வான ஒளி அடிக்கடி தெரியும். ஆனால் ஏப்ரல் நடுவைத் தாண்டினால் அவ்வளவு வடக்கே இரவு சரியாக இருட்டுவதில்லை, ஒளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பள்ளி லீவைப் பார்த்து ஏப்ரல் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

எங்கே போவது? முதல் முறையாக, அதுவும் பெற்றோரோடு என்றால், நான் கிருனாவையும் தாண்டி இருக்கும் அபிஸ்கோ என்ற சின்ன ஊரைத்தான் சொல்வேன். மேற்கே இருக்கும் மலைகள் மழைமேகத்தைத் தடுத்துவிடுவதால் அங்கே வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ட்ரோம்சோ அழகான ஊர், வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் குளிரும் குறைவு. ஆனால் கடலோரம் என்பதால் மேகம் மூடிக்கொள்ளும். பின்லாந்தின் ரோவானியேமி, சாண்டா கிளாஸ் கிராமம் இருப்பதால், சின்னக் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஸ்டாக்ஹோமிலிருந்து அபிஸ்கோ வரை இரவு ரயில் போகிறது. படுக்கைப் பெட்டி எடுத்தால் நம் பெற்றோருக்குப் பழகிய பயணம்தான். காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்தால் இரண்டு பக்கமும் பனிக்காடு. ஒன்று கவனியுங்கள்: மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அந்த வார இறுதியில் ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியிருந்தால் இதை மறக்க வேண்டாம்.

போகிற வழியில் கிருனா. இரும்புச் சுரங்கத்துக்காக ஊரையே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் பழைய மரத் தேவாலயத்தை அப்படியே சக்கர வண்டியில் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். அப்பாக்கள் இதை நின்று ரசித்துக் கேட்பார்கள்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வசந்தத்தில் குளிரைவிட வழுக்கல்தான் பெரிய ஆபத்து. பகலில் மேல்பனி உருகி, இரவில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். காலையில் அதன் மேல் நடந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள்பட்டை அங்கே சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். ஷூ ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான ஷூவில் எத்தனை சாக்ஸ் போட்டாலும் விரல் விறைக்கும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரும். உடம்போடு ஒட்டிய கம்பளி, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட். கனமான ஜாக்கெட்டைப் பெங்களூரில் தேடி வாங்க வேண்டியதில்லை. நாய்வண்டி, ஸ்னோ ஸ்கூட்டர் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முழு உடையும் பூட்ஸும் தருவார்கள்.

அப்புறம் வெயில். பனி மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், முகத்தையும் கருக்கிவிடும். கூலிங் கிளாஸும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். இன்சுலின் போடுகிறவர்கள் அதை வெளிப்பையில் வைக்கக் கூடாது, உறைந்தால் வீண். உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வைக்கட்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தவறாகக் காட்டும், அறைக்குள் வந்து பாருங்கள். முதுகுவலி உள்ளவர்களுக்கு நாய்வண்டி குலுக்கல் ஆகாது, கலைமான் வண்டி மெதுவாகப் போகும். கலைமான் வளர்க்கும் சாமி (Sámi) என்ற பூர்வகுடி மக்களிடம் "உங்களிடம் எத்தனை மான்?" என்று கேட்காதீர்கள். ஒருவரிடம் பேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது மாதிரி அது.

ஈஸ்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2027-ல் மார்ச் 28 அன்று வருகிறது. அந்த வாரம் உள்ளூர்க்காரர்களே பனிச்சறுக்குக்கு வடக்கே கிளம்புவார்கள், அறை கிடைக்காது. நார்வேயில் பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும்.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள். அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போதும். அம்மா நெய்யும், தோட்டத்துக் கறிவேப்பிலையும், சீசன் தொடங்கியிருக்கிறதே என்று மாம்பழமும் எடுத்துவரப் பார்ப்பார்கள். முன்பே சொல்லி நிறுத்துங்கள். இந்தியாவிலிருந்து வரும் பயணிகள் பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மாம்பழத்துக்கும் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள்.

ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மார்ச் பயணம் என்றால் டிசம்பரிலேயே முடித்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிராங்பர்ட் வழியாக வந்தால் குடியேற்ற அதிகாரிகள் கேள்வி கேட்பது பிராங்பர்ட்டில்தான். உங்கள் அழைப்புக் கடிதம், காப்பீடு, திரும்பும் டிக்கெட் மூன்றும் அப்பாவின் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல.

சிலர் இன்னும் வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளையும் சேர்க்க ஆசைப்படுவார்கள். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கேதான், நி ஓலெசுண்டில் இயங்குகிறது. ஆனால் ஏப்ரல் 20 வாக்கிலிருந்து அங்கே சூரியன் மறையாது. துருவக் கரடி இருப்பதால் ஊர் எல்லையைத் தாண்ட ஆயுதமுள்ள வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஸ்வால்பார்டு நார்வேக்குச் சொந்தமானாலும் ஷெங்கனுக்குள் வராது. அங்கே போகத் தனி விசா தேவையில்லை, ஆனால் போனதும் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசாவில் வந்த பெற்றோர் திரும்ப ஆஸ்லோவுக்குள் நுழைய முடியாது. அங்கே போகும் எண்ணம் துளி இருந்தாலும் விண்ணப்பத்திலேயே இரட்டை நுழைவு கேட்டு, பயணத் திட்டத்திலும் ஸ்வால்பார்டு என்று எழுதிவிடுங்கள்.