ஓவர்டேக்னா முந்துறது மட்டும்தானா? அவசரம்

அரைத்தூக்கம்: ஒரு மொழிபெயர்ப்பு, ராத்திரிக்குள்ள அனுப்பணும். ஓவர்டேக்னா முந்துறதுதானே? அப்படிப் போட்டா வரி உளறலா இருக்கு. வேற அர்த்தம் இருக்கா?

நிழல்: எந்த வரி?

குதிரைவால்: எது எதை ஓவர்டேக் பண்ணுது? வண்டியா, ஆளா, தூக்கமா? அதைச் சொல்லாம எப்படி?

கணக்குப்பிள்ளை: 'டேக் ஓவர்'தான், திருப்பிப் போட்டிருக்கான். 'கைப்பற்றியது'ன்னு போடுங்க.

பழையபேனா: தப்பு. டேக் ஓவர்னா பொறுப்பையோ நிறுவனத்தையோ எடுத்துக்கிறது. இது வேற வினை. அகராதியில ரெண்டாவது அர்த்தம் வரைக்கும் வாசிக்கிற பொறுமை இருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நிழல்: வாசிச்சவங்களும் மாட்டுவாங்க ஐயா. ஆளைத் தூக்கம் ஓவர்டேக் பண்ணினா, 'தன்னையறியாம கண்ணசந்துட்டான்'. பயணிகளை இரவு ஓவர்டேக் பண்ணினா, 'போற வழியிலேயே இருட்டிடுச்சு'. இதுல 'முந்து'வுக்கு எங்க இடம்?

பழையபேனா: ஆதி அர்த்தமே எட்டிப் பிடிக்கிறதுதான். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள், யாத்திராகமம் 15:9. துரத்துறவன் 'ஐ வில் ஓவர்டேக்'ங்கிறான். தமிழ்ல 'பிடிப்பேன்'. அடுத்தது, கொள்ளையடிச்சுப் பங்கு போடுவேன்ங்கிறான். தாண்டிப் போறவன் எப்படிக் கொள்ளையடிப்பான்?

குதிரைவால்: இது நல்லா இருக்கே. தூக்கமும் துக்கமும் பின்னாலேயே வந்து ஆளைப் பிடிக்குது.

கணக்குப்பிள்ளை: ரோட்டுல யாரும் 'முந்தினான்'னு சொல்றதில்ல, 'ஓவர்டேக் எடுத்தான்'தான். அது தமிழாவே ஆயிடுச்சு, அப்படியே விட்டுடுங்க.

பழையபேனா: பேச்சுக்குச் சரி. அச்சுல வராது.

கணக்குப்பிள்ளை: பஸ் மட்டும் அச்சுல வரலாமா?

பழையபேனா: பஸ் பெயர்ச்சொல். வினையைக் கடன் வாங்கினா கூடவே ஒரு 'பண்ணு' ஒட்டிக்கிட்டு வரும். அதான் என் வயித்தெரிச்சல்.

நிழல்: சண்டை அப்புறம். கேட்டவர் எங்க?

அரைத்தூக்கம்: மன்னிக்கணும், சார்ஜ் போயிடுச்சு. வரி: 'த பிளான் வாஸ் ஓவர்டேக்கன் பை ஈவென்ட்ஸ்'. 'நிகழ்வுகள் திட்டத்தை முந்தின'ன்னு எழுதியிருந்தேன்.

குதிரைவால்: இதை முதல்லயே போட்டிருக்கலாமே!

நிழல்: திட்டம் போட்டு முடிக்கிறதுக்குள்ள நிலைமை மாறி, அது எதுக்கும் உதவாமப் போச்சு. அவ்வளவுதான். 'ஈவென்ட்ஸ்'ஸை எழுவாயா வைக்காதீங்க. தமிழ்ல நிகழ்வுகள் ஓடாது.

குதிரைவால்: 'காலாவதியானது'?

நிழல்: அது தேதி முடிஞ்ச மாதிரி இருக்கு. இங்க நடுவுல ஏதோ நடந்திருக்கு, அது தெரியணும்.

அரைத்தூக்கம்: 'அதற்குள் நிலைமை மாறிவிட்டதால் திட்டத்துக்கு வேலையில்லாமல் போயிற்று'. அனுப்பிட்டேன். நன்றி.

கணக்குப்பிள்ளை: 'கைப்பற்றியது'ன்னே போட்டிருக்கலாம்.